ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி: அரசா, உதவிபெறும் பள்ளியா, மெட்ரிக்கா?

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே பள்ளி வாசல்களில் பேனர் ஏறிவிடும். நூறு சதவீதத் தேர்ச்சி, இத்தனை பேர் 550க்கு மேல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பேனரை நின்று படிப்பவர்களில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் நிறையப் பேர் உண்டு. அடுத்த ஏழு ஆண்டுகளுக்குப் பிள்ளையை எங்கே விடுவது என்பது அவர்கள் கவலை. அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவன் என்பதால் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருபவர்கள் அதிகம். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு, அந்தப் பள்ளி என்ன கற்பித்தது என்பதைக் காட்டுவதைவிட, யாரை உள்ளே விட்டது, யாரை நடுவில் வெளியே அனுப்பியது என்பதைத்தான் அதிகம் காட்டுகிறது. இது மனதில் இருந்தால், மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு ஆறாம் வகுப்பில் சரியான தேர்வு பல ஊர்களில் அரசுப் பள்ளியாகவே இருக்கும். எல்லா ஊரிலும் என்று சொல்ல மாட்டேன். எந்த ஊரில் மாறும் என்பதையும் சொல்கிறேன்.

2025 பிளஸ் டூ முடிவுகளை எடுத்துக்கொள்வோம். மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். அரசுப் பள்ளிகள் 91.94, அரசு உதவிபெறும் பள்ளிகள் 95.71, தனியார் சுயநிதிப் பள்ளிகள் 98.88. அரசுக்கும் தனியாருக்கும் இடையே கிட்டத்தட்ட ஏழு சதவீதம். இதைப் பார்த்ததும் தனியாரில் பாடம் நன்றாக நடக்கிறது என்ற முடிவுக்குப் போய்விடுகிறோம்.

அந்த ஏழு சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்துக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. ஐந்து பாடத்துக்கும் சேர்த்து 175 எடுத்த பிள்ளையும் தேர்ச்சி பெற்ற பிள்ளைதான். அந்தப் பிள்ளை பிளஸ் ஒன் சேர ஓர் ஊரில் எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன? பெயர்பெற்ற மெட்ரிக் பள்ளி 400க்கு மேல் இருந்தால்தான் விண்ணப்பமே கொடுக்கும். அரசுப் பள்ளியில் பயாலஜி குரூப் கிடைக்காமல் போகலாம், ஆனால் ஏதாவது ஒரு குரூப்பில் இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். முதல் பள்ளி 400க்கு மேல் எடுத்த நூறு பேரைச் சேர்த்து, 99 பேரைத் தேர்ச்சி பெற வைக்கிறது. இரண்டாவது பள்ளியும் நூறு பேரைச் சேர்க்கிறது. ஆனால் அதில் 20 பேர்தான் 400க்கு மேல். 50 பேர் 250க்கும் 400க்கும் நடுவில், 30 பேர் 250க்கும் கீழே. இங்கே 92 பேர் தேறுகிறார்கள். முதல் எழுபது பேரும் தேறிவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டால், கடைசி முப்பது பேரில் 22 பேரை அந்தப் பள்ளி கரை சேர்த்திருக்கிறது. கற்பித்தல் எங்கே நடந்தது என்று கேட்டால் நான் இரண்டாவது பள்ளியைத்தான் காட்டுவேன். பேனர் தொங்குவதோ முதல் பள்ளி வாசலில்.

பிளஸ் ஒன் சேர்க்கையோடு இந்தச் சல்லடை நின்றுவிடுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு வேலை நடக்கும், ஆசிரியர்களுக்கெல்லாம் தெரியும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அதனால் ஒன்பதில்தான் பிடி இறுகும். கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கிய பிள்ளையின் அப்பா, அம்மாவை வரவழைத்து, "இங்க கஷ்டம்மா, டிசி வாங்கிட்டு வேற ஸ்கூல்ல போட்டுடுங்க, பையன் பாஸாயிடுவான்" என்று சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. அப்படி டிசி வாங்கிய பிள்ளை ஜூன் மாதம் வந்து நிற்பது அரசுப் பள்ளியின் பத்தாம் வகுப்பில். அனுப்பிய பள்ளிக்கு நூறு சதவீதம் கிடைக்கிறது. சேர்த்துக்கொண்ட பள்ளிக்கு ஒரு தோல்வி கூடுகிறது. பிள்ளை ஒன்றுதான்.

அரசுப் பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதையும் பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா, கட்டட வேலைக்கு வெளியூர் போன அப்பா, வீட்டில் முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டப்போகும் பிள்ளை. சாயங்காலம் மெக்கானிக் கடையிலோ மளிகைக் கடையிலோ நிற்கும் பையன்களை நான் ஒவ்வொரு வகுப்பிலும் பார்த்திருக்கிறேன். வணிகவியல், தொழிற்கல்வி குரூப்களின் தேர்ச்சி அறிவியல் குரூப்பைவிடக் குறைவு. தொழிற்கல்வியைத் தாங்கி நடத்துவது அரசு, உதவிபெறும் பள்ளிகளே. பெண்களைவிட ஆண்களின் தேர்ச்சி தொடர்ந்து குறைவு. 2025இல் பெண்கள் 96.70, ஆண்கள் 93.16. ஆக, ஆண்கள் மட்டும் படிக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி 88 சதவீதம் காட்டினால் அது மோசமான பள்ளி என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வந்த அறிக்கை, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்களை வைத்து, பள்ளியின் கட்டடம், செலவு இவற்றைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டியிருக்கிறது என்று காட்டியது. உடன் படிக்கும் பிள்ளைகளின் பின்னணியும் கணக்கில் வருகிறது என்று அதே அறிக்கை சொன்னது. அதனால், "நல்லாப் படிக்கிற பிள்ளைகளோட சேர்ந்து படிக்கட்டும்" என்று நினைக்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நினைப்புக்கு ஆதாரம் உண்டு. அதற்காக எவ்வளவு விலை கொடுக்கிறோம், என்னென்ன உரிமைகளை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

பின்னணியே தலையெழுத்து என்றும் இல்லை. 2025 பிளஸ் டூவில் மாநிலத்திலேயே முதலில் நின்ற மாவட்டம் அரியலூர், 98.82 சதவீதம். சென்னையோ கோவையோ அல்ல. சிமென்ட் ஆலைகளும் மானாவாரி நிலமும் கொண்ட, பின்தங்கிய மாவட்டம் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்த ஊர். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் மேலே வர முடியும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இனி மூன்று வழிகளையும் தனித்தனியே பார்க்கலாம்.

அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது என்பது. 2020இல் வந்த சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறிய மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 சதவீதம் தனியாக உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே அது சில நூறாக உயர்ந்தது. இந்தப் பட்டியலில் போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ளேயே நடப்பதால், கட்-ஆஃப் பொதுப் பட்டியலைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருந்து வருகிறது. நீட் வந்தபின் மருத்துவப் படிப்பில் தமிழ்வழி மாணவர்களின் பங்கு எவ்வளவு சரிந்தது என்பதை 2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு விரிவாகவே காட்டியிருக்கிறது. அதைப் படித்தவர்களுக்கு இந்த 7.5இன் அருமை புரியும்.

எல்லாப் பிள்ளையும் டாக்டர் ஆகப்போவதில்லை. 2021இல் இதே ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. கிண்டிப் பொறியியல் கல்லூரி இடங்களுக்கும் பொருந்தும். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. மருத்துவ இடத்தைப் பற்றியே எல்லோரும் பேசுவதால், நடுத்தர மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்கு இந்தப் பொறியியல் வழி எவ்வளவு பெரியது என்பது பல வீடுகளுக்குப் போய்ச் சேரவே இல்லை. நான்கு ஆண்டுக் கட்டணமும் விடுதியும் என்றால் ஒரு குடும்பத்தின் கடன் முழுவதும் இல்லாமல் போகிறது என்று பொருள்.

2022 முதல் புதுமைப் பெண் திட்டம், 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கும் பையனுக்கும் படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய். மூன்று ஆண்டுப் படிப்பென்றால் 36,000. பஸ் பாஸ், புத்தகம், பரீட்சைக் கட்டணம் என்று போகும் செலவுக்கு வீட்டில் கேட்க வேண்டியதில்லை. திருமணத்தை முன்வைத்துப் பெண்ணின் படிப்பை நிறுத்த நினைக்கும் வீட்டில், அவள் பெயரில் மாதாமாதம் வரும் பணம் அவளுக்காகப் பேசுகிறது. தமிழ்வழியில் படித்தால் அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமையும் உண்டு. 2010இல் வந்த அந்தச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டபின், ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஆகவே ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்த பிள்ளையை ஆறில் ஆங்கிலவழிப் பிரிவுக்கு மாற்றுமுன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. அரசுப் பள்ளியின் பெரிய குறை ஆசிரியர் காலியிடம். ஆறாம் வகுப்பில் அது கண்ணில் படாது. பிளஸ் ஒன் வரும்போது இயற்பியலுக்கு முதுகலை ஆசிரியர் இல்லை, வேதியியல் ஆசிரியரே இரண்டையும் பார்த்துக்கொள்கிறார் என்று தெரியவரும். 2022இல் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பியபோது, முதுகலை ஆசிரியருக்கு மாதம் 12,000 ரூபாய்தான் ஊதியம். அந்தச் சம்பளத்துக்கு வந்து உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தியவர்கள் உண்டு. ஆனால் டிசம்பரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இந்த ஒரு விஷயத்தில் அரசைக் கேள்வி கேட்காமல் 7.5ஐ மட்டும் பாராட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒதுக்கீட்டை எட்டிப் பிடிக்க நீட் தேற வேண்டும், நீட் தேற இயற்பியல் ஆசிரியர் வேண்டும். கழிப்பறை, துப்புரவுப் பணியாளர் பிரச்சினையும் பெண் பிள்ளையைச் சேர்க்குமுன் நேரில் போய்ப் பார்க்க வேண்டியது.

மாவட்டந்தோறும் இருக்கும் அரசு மாதிரிப் பள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உண்டு உறைவிடப் பள்ளி, நல்ல பயிற்சி, அங்கிருந்து ஐ.ஐ.டி., என்.ஐ.டி. வரை போகிறார்கள். ஆனால் மற்ற அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிப்பவர்களைத் தேர்ந்தெடுத்து அழைத்துக்கொள்ளும் பள்ளி அது. மெட்ரிக் பேனரைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். ஆறாம் வகுப்பு முடிவுக்கு இது நேரடியாகத் தொடர்பில்லை என்றாலும், அரசுப் பள்ளியில் சேர்த்தால் பின்னால் இப்படி ஒரு வாசலும் திறக்கும் என்று தெரிந்திருக்கட்டும்.

உதவிபெறும் பள்ளிகள் பல ஊர்களில் நூறு ஆண்டைக் கடந்தவை. கிறித்தவச் சபைகள், இந்து அறக்கட்டளைகள், வணிகச் சமூகங்களின் உறவின்முறைகள் தொடங்கியவை. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, நிர்வாகம் அவர்களுடையது. பெரிய விளையாட்டுத் திடல், ஆய்வகம், பழைய மாணவர்களின் ஆதரவு எல்லாம் இருக்கும். பெண் பிள்ளைக்கு ஊரிலேயே சிறந்த பள்ளி எதுவென்று கேட்டால், கன்னியாஸ்திரிகள் நடத்தும் உதவிபெறும் பள்ளியைக் கைகாட்டும் ஊர்கள் தென்மாவட்டங்களில் நிறைய. நானும் சில ஊர்களில் அதையே சொல்வேன். இலவசப் பாடநூல், மதிய உணவு, பிளஸ் ஒன்னில் சைக்கிள் எல்லாம் இங்கும் உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் போலவே இவர்களும் எழுதலாம். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய்.

கிடைக்காதது 7.5. உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் அதைத் தர வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தை அப்படியே உறுதிசெய்தது. ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே மாதிரி கூலி வேலைக்குப் போகும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று அரசுப் பள்ளிக்கும் இன்னொன்று சபைப் பள்ளிக்கும் போனது என்பதற்காக இவ்வளவு பெரிய வேறுபாடு ஏற்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது, முடிவெடுக்கும்போது அதை வைத்தே எடுக்க வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவர்களுக்குக் கிடைக்கின்றன.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். பல உதவிபெறும் பள்ளிகளில் அதே வளாகத்துக்குள் ஆங்கிலவழிப் பிரிவு சுயநிதியில் நடக்கும். சீருடை ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, பிரேயர் ஒன்று. ஆனால் பீஸ் வேறு, ஆசிரியரும் வேறு. சேர்க்கையின்போது "இந்த செக்ஷன் எய்டடா, செல்ஃப் பைனான்ஸா?" என்று வாய்விட்டுக் கேட்காதவர்கள் பிளஸ் டூ முடிந்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் விவரம் அறிகிறார்கள்.

மெட்ரிக் பள்ளிக்கு வருவோம். எல்லா மெட்ரிக்கும் ஒன்றல்ல. பெரிய நகரங்களில் நல்ல சம்பளம் கொடுத்து, நூலகமும் ஆய்வகமும் வைத்து நடத்தும் பள்ளிகள் உண்டு. வசதியுள்ளவர்கள் அங்கே சேர்ப்பதில் நான் சொல்ல எதுவும் இல்லை. நான் கவலைப்படுவது சிற்றூரின் மலிவு மெட்ரிக் பற்றி. ஆண்டுக்கு 30,000 பீஸ், 10,000 வேன் என்று வைத்துக்கொண்டாலும் ஏழு ஆண்டுகளில் 2,80,000 ரூபாய். சீருடை, ஷூ, நோட்டு, ஸ்பெஷல் கிளாஸ் கட்டணமெல்லாம் இதற்குமேல். இரண்டு பிள்ளை என்றால் ஐந்தரை லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? கல்லூரி முடித்து வேறு வேலைக்குக் காத்திருக்கும் இளம்பெண்கள் குறைந்த சம்பளத்தில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள், ஆண்டுதோறும் மாறுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதியதை ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத பிள்ளைக்கு அறிவியலும் புரியாமல், ஆங்கிலமும் வராமல் போவதைப் பத்தாம் வகுப்பில் நம்மிடம் வந்து சேரும் பிள்ளைகளிடம் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். இந்த மூன்று வழிகளில் மோசமான பேரம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பெயர்பெற்ற காலம் நினைவிருக்கும். பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்து அப்போதைய மொத்த மதிப்பெண் 1200க்கு 1150 வாங்க வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017–18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பும் 2017இல் நிறுத்தப்பட்டது. இப்போது 2025–26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு மீண்டும் நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அழுத்தம் குறையும் என்பதால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பழைய வழக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து நிறையக் கேள்வி வருகிறது. பிளஸ் ஒன் போர்ஷனை ஆண்டு முழுவதும் நடத்துகிறீர்களா என்று எந்த மெட்ரிக் பள்ளியிலும் கேட்டே ஆக வேண்டும். அதைப் பள்ளியில் கேட்டதோடு விட்டுவிடாமல், போன ஆண்டு அங்கே படித்த பிள்ளையிடமும் கேளுங்கள்.

மெட்ரிக்கின் பலத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே 600க்கு 450 அளவில் எடுக்கும் பிள்ளையை 550க்குத் தள்ளும் வேலையை அவர்கள் செய்கிறார்கள். காலை ஏழிலிருந்து இரவு வரை வகுப்பு, வாரத் தேர்வு, நீட் பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய், கட்டணத்தைக் கடனில்லாமல் கட்ட முடிந்து, பிள்ளைக்கும் அந்த வேகம் ஒத்துவந்தால் பலன் இருக்கும். சி.பி.எஸ்.இ.யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாநிலம் விட்டு மாநிலம் மாற்றல் ஆகும் வேலையில் இருப்பவர்களுக்கு அது வசதி. மற்றவர்கள் பெயருக்காகச் சேர்ப்பதில் பயன் எதையும் நான் பார்க்கவில்லை.

அரசுப் பள்ளியைப் பற்றிப் பேசும்போது சில பெற்றோர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "எல்லாம் சரி சார், அங்க எந்த மாதிரிப் பிள்ளைங்க படிக்கிறாங்க?" கேள்வி மதிப்பெண்ணைப் பற்றியது அல்ல, சாதியைப் பற்றியது. பீஸ் கட்டுவதே அந்தப் பிள்ளைகளிடமிருந்து தன் பிள்ளையைப் பிரித்து வைப்பதற்குத்தான் என்று எண்ணும் வீடுகள் இருக்கின்றன. இதை மூடி மறைத்து ஒப்பீடு எழுத எனக்கு மனம் வரவில்லை. 2023 ஆகஸ்ட்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயர்களை நீக்க வேண்டும், தனித்தனித் துறைகளின் கீழ் இருக்கும் பள்ளிகளை ஒன்றாகக் கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் அதன் பரிந்துரைகள். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று பெயர்ப் பலகையிலேயே பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது.

சாதி மனப்பான்மை கட்டணப் பள்ளியில் இல்லை என்று யாராவது நினைத்தால் அது உண்மையல்ல. ஒரு சமூகம் நடத்தும் பள்ளியில் அது வேறு உருவத்தில் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது, பள்ளியில் மாணவர்களுக்குள் சண்டை வந்தால் எச்.எம். என்ன செய்கிறார், கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டிக் கும்பலாகத் திரிவதை ஆசிரியர்கள் கண்டும் காணாமல் விடுகிறார்களா என்பது. பட்டியல் சாதிப் பெற்றோருக்கு இது கௌரவப் பிரச்சினையல்ல, பிள்ளையின் பாதுகாப்பு. அவர்கள் அரசுப் பள்ளியை விட்டுத் தொலைவில் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அதை நான் எந்தச் சலுகைக் கணக்காலும் மறுக்க மாட்டேன்.

சரி, ஒரு பள்ளியை எப்படி எடை போடுவது? பேனர் சதவீதத்தை விட்டுவிட்டு, மூன்று ஆண்டுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். 120 பேர் இருந்த இடத்தில் 95 பேர் எழுதி 95 பேரும் தேறியிருந்தால், அந்த 25 பேர் எங்கே என்று தெரிய வேண்டும். அடுத்து, பத்தாம் வகுப்பில் 300 எடுத்துச் சேர்ந்தவர்கள் பிளஸ் டூவில் 600க்கு எவ்வளவு எடுத்தார்கள் என்று கேளுங்கள். 300 என்பது அறுபது சதவீதம். 360க்கு மேல் போயிருந்தால் பள்ளி பிள்ளையை முன்னே நகர்த்தியிருக்கிறது. இந்தக் கேள்விக்கு உட்காரவைத்துப் பதில் சொல்லும் தலைமையாசிரியர் கிடைத்தால், அரசோ தனியாரோ, அந்தப் பள்ளியை நம்பலாம்.

மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை விவரமெல்லாம் ஒவ்வொரு பள்ளிக்கும் யூடைஸ் (UDISE+) என்ற ஒன்றிய அரசின் பள்ளித் தகவல் தளத்தில் பொதுவில் இருக்கிறது. பள்ளிப் பெயரைப் போட்டால் வரும். முதுகலை ஆசிரியர் காலியிடம் அங்கே தெளிவாகத் தெரியாது, அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடம் கேட்க வேண்டும். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். தலைவராக இருப்பவரும் ஒரு மாணவரின் பெற்றோர்தான். தெருவில் விசாரித்தால் ஒருவரையாவது கண்டுபிடித்துவிடலாம்.

இத்தனையும் பார்த்தபின் நான் யாருக்கு என்ன சொல்கிறேன் என்றால்: கூலி வேலை, சிறு கடை, ஓட்டுநர் வேலை என்று வருமானம் உள்ள வீட்டில், அருகில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர்கள் பெரும்பாலும் நிரந்தரமாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அங்கே சேருங்கள். மெட்ரிக்குக்குக் கட்டவிருந்த பணத்தில் பாதியை எட்டாம் வகுப்புவரை ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ஒரு நல்ல டியூஷனுக்குச் செலவிடுங்கள், மீதியைக் கல்லூரிக்குச் சேமியுங்கள். அரசுப் பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை கடுமையாக இருந்து, பக்கத்தில் நல்ல உதவிபெறும் பள்ளி இருந்தால், அங்கே தமிழ்வழிப் பிரிவில் சேருங்கள், 7.5ஐ இழக்கிறோம் என்று தெரிந்தே சேருங்கள். இரண்டும் சரியில்லாத ஊரில்தான் மெட்ரிக். அப்போதும் ஒன்பதாம் வகுப்பில் டிசி கொடுக்காத பள்ளியாகப் பார்த்துச் சேருங்கள்.

கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் இலவசமாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனி விதி உண்டு. அந்த ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்புவரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் அவர்களுக்கும் 7.5 உண்டு. எட்டோடு இலவசம் முடிந்துவிடும், அதன்பின் அதே பள்ளியில் பீஸ் கட்டித் தொடர்ந்தால் ஒதுக்கீடும் போய்விடும். ஆகவே எட்டாம் வகுப்பு முடியும் மே மாதமே டிசி வாங்கிவிடுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை நடுவில் ஓராண்டுகூடத் தனியாரில் இருக்கக் கூடாது. ஏழாம் வகுப்பில் மெட்ரிக்குக்கு மாற்றி, ஒத்துவரவில்லை என்று எட்டில் திரும்பக் கொண்டுவந்தால் அந்த ஓராண்டு சான்றிதழில் அப்படியே நிற்கும். ஊர் மாறிப் பள்ளி மாறியிருந்தால், படித்த ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை, எந்த வழியில் படித்தார் என்ற சான்றை டிசி வாங்கும் அன்றே தலைமையாசிரியரிடம் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். கலந்தாய்வு நேரத்தில் பழைய ஊருக்குப் பஸ் ஏறி ஓட வேண்டியிருக்காது.